விடை இடிக்கிறதா? சீரான முடுக்கக் கணக்குகளில் அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

சீரான முடுக்கத்தோடு நகரும் பொருளைப் பற்றிய கணக்குகளுக்குச் சமன்பாடு மொத்தம் ஐந்துதான். அதில் மூன்று எல்லோருக்கும் மனப்பாடம். அப்படியும் விடை தப்பாகிறது என்றால், பிழை பெரும்பாலும் சமன்பாட்டில் இருக்காது. எண்களை அதற்குள் போடும் முன்பே நடந்து முடிந்திருக்கும். ஒவ்வொரு சமன்பாடும் ஒரே ஒரு கட்டத்துக்கு, அதாவது பயணத்தின் ஒரு பகுதிக்குத்தான், பொருந்தும். அந்தக் கட்டம் முழுக்க முடுக்கம் மாறக் கூடாது. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தத் திசை பிளஸ் என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் ஆரம்பித்த கணக்கு எங்கேயாவது ஓரிடத்தில் கண்டிப்பாகக் கவிழும்.

நல்ல செய்தி என்னவென்றால், தப்பான விடை வந்த விதமே பிழை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் உங்கள் தாளில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எண்கள் எளிதாக இருக்கட்டும் என்பதற்காகப் புவியீர்ப்பு முடுக்கத்தை எங்கும் 10 மீ/வி² என்றே எடுத்திருக்கிறேன். உங்கள் விடை புத்தக விடையிலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் விலகியிருந்தால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம். புத்தகம் 9.8 எடுத்திருக்கும், நீங்கள் 10 எடுத்திருப்பீர்கள்.

“எந்தச் சமன்பாட்டைப் போடுவது என்றே தெரியவில்லை”

ஒரு கட்டத்துக்கு ஐந்து கணியங்கள்: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு, எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்பது), நேரம். இவற்றில் மூன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஐந்தில் ஒன்று இருக்காது. ஆகவே தேட வேண்டியது “எது தெரியும்” என்பதை மட்டும் அல்ல, “எது எனக்குத் தேவையே இல்லை” என்பதையும்தான். கொடுக்கப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை என்று ஒன்று நிற்கும். அது இல்லாத சமன்பாடே உங்களுக்கு வேண்டியது. திசைவேகங்களைத் தொடக்கம், இறுதி என்று சுருக்கி எழுதுகிறேன்.

இடப்பெயர்ச்சி தேவையில்லை என்றால்: இறுதி = தொடக்கம் + முடுக்கம் × நேரம்
இறுதி தேவையில்லை என்றால்: இடப்பெயர்ச்சி = தொடக்கம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²
நேரம் தேவையில்லை என்றால்: இறுதி² = தொடக்கம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி
முடுக்கம் தேவையில்லை என்றால்: இடப்பெயர்ச்சி = ½ × (தொடக்கம் + இறுதி) × நேரம்
தொடக்கம் தேவையில்லை என்றால்: இடப்பெயர்ச்சி = இறுதி × நேரம் − ½ × முடுக்கம் × நேரம்²

கடைசி இரண்டையும் பலர் கண்டுகொள்வதே இல்லை. நான்காவது இருந்தால் ஒரே வரியில் முடிகிற கணக்கை, முதலில் முடுக்கம், அப்புறம் தூரம் என்று இரண்டு படியாகப் போட்டு, நடுவில் ஒரு தசமத்தைத் தவறவிடுவார்கள்.

எண்ணிப் பார்த்தால் இரண்டு கணியங்கள்தான் தெரிகின்றனவா? மூன்றாவது எண்ணாக இல்லாமல் சொல்லாக ஒளிந்திருக்கும். “ஓய்விலிருந்து” என்றால் தொடக்கம் 0. “நிற்கிறது” என்றால் இறுதி 0. “அதிகபட்ச உயரம்” என்றால் அந்தக் கணத்தில் திசைவேகம் 0. “எறிந்த கைக்கே திரும்பி வந்தது” என்றால் இடப்பெயர்ச்சி 0. கேள்வியை இன்னொரு முறை இந்தச் சொற்களுக்காக மட்டும் படியுங்கள்.

“வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்துவிட்டது”

இந்த அறிகுறி வந்தால் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் போல உண்மையைப் பேசும் அறிகுறி வேறில்லை. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 25 மீட்டர் உயர மாடியின் விளிம்பிலிருந்து ஒரு பந்து 20 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது. எத்தனை வினாடியில் தரையைத் தொடும்?

உயரம் 25 என்று கேள்வியில் இருக்கிறது. அதை அப்படியே இடப்பெயர்ச்சி +25 என்றும், முடுக்கத்தை −10 என்றும் போட்டால்:

25 = 20 × நேரம் − 5 × நேரம்²

5-ஆல் வகுத்து ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் நேரம்² − 4 × நேரம் + 5 = 0. இதன் தன்மைகாட்டி, அதாவது வர்க்கமூலத்துக்குள் வரும் எண், 16 − 20 = −4. விடையே இல்லை. இங்கே பலர் மைனஸை மெல்ல அழித்துவிட்டு மேலே போகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சமன்பாடு சொல்வதைக் கேளுங்கள்: நீங்கள் கேட்டது “மாடி விளிம்புக்கு 25 மீட்டர் மேலே பந்து எப்போது இருக்கும்” என்று. 20 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து அதிகபட்சம் 400 ÷ 20 = 20 மீட்டர்தான் ஏறும். 25 மீட்டரை அது தொடவே தொடாது. அதைத்தான் மைனஸ் சொல்கிறது.

மேல்நோக்கு பிளஸ் என்று வைத்தால், தரை என்பது தொடங்கிய இடத்துக்குக் கீழே 25 மீட்டர். எனவே இடப்பெயர்ச்சி −25.

−25 = 20 × நேரம் − 5 × நேரம்²

நேரம்² − 4 × நேரம் − 5 = 0. விடைகள் 5, −1. பந்து 5 வினாடியில் தரையைத் தொடும்.

இதே கணக்கில் இன்னொரு தப்பான விடையும் வரும்: 1 வினாடி. உங்களுக்கு அதுதான் வந்தது என்றால், மூன்று எண்களையும் பிளஸ் ஆகவே போட்டிருக்கிறீர்கள். 25, 20, 10 மூன்றும் ஒரே குறி என்றால் மூன்றும் ஒரே திசை என்று பொருள். அதாவது பந்தைக் கீழ்நோக்கி எறிந்த கணக்கைத் தீர்த்திருக்கிறீர்கள். அந்தக் கணக்குக்கு 1 வினாடி சரியான விடைதான், கேள்வி மட்டும் வேறு.

குறியைப் பொறுத்தவரை ஒரே விதி: தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு அதன் பக்கத்தில் பிளஸ் எழுதுங்கள். எந்தத் திசை என்பது உங்கள் விருப்பம். ஆனால் கணக்கு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. பந்து மேலே போகும்போது முடுக்கம் மைனஸ், கீழே வரும்போது பிளஸ் என்று நடுவழியில் புரட்டுகிறவர்கள் நிறையப் பேர். “எதிர்முடுக்கம் என்றால் மைனஸ், வேகம் கூடினால் பிளஸ்” என்ற அரைகுறை விதியிலிருந்து வருவது அது. முடுக்கத்தின் குறி வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பார்ப்பதில்லை, திசையை மட்டுமே பார்க்கிறது. புவியீர்ப்பு எப்போதும் கீழே இழுக்கிறது. மேல்நோக்கு பிளஸ் என்றால் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் முடுக்கம் −10 தான். கீழ்நோக்கி விழுகிற பந்துக்குத் திசைவேகமும் மைனஸ், முடுக்கமும் மைனஸ். இரண்டும் ஒரே குறி, அதனால் வேகம் கூடுகிறது.

உச்சியில் முடுக்கம் 0 என்று எழுதுவதும் இதோடு சேர்ந்த பிழையே. அங்கே 0 ஆவது திசைவேகம். முடுக்கமும் 0 ஆகிவிட்டால் பந்து அந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றுவிட வேண்டும்.

“நேரத்துக்கு இரண்டு விடை வருகிறது, எதை எடுப்பது?”

மைனஸ் நேரத்தைத் தள்ளிவிடு என்று சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏன் தள்ளுகிறோம் என்று தெரியாவிட்டால் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

மேலே பார்த்த பந்துக்கு −1 வினாடி எங்கிருந்து வந்தது? மாடியில் எறிந்ததற்கு 1 வினாடி முன்பு அந்தப் பந்து எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அப்போது திசைவேகம் 20 + 10 = 30 மீ/வி, இடம் தரை. அதாவது தரையிலிருந்தே 30 மீ/வி வேகத்தில் எறிந்திருந்தால், 1 வினாடி கழித்து மாடி விளிம்பை 20 மீ/வி வேகத்தில் கடந்து, அதே பாதையில் போய், அதே 30 மீ/வி வேகத்தில் தரையில் விழுந்திருக்கும். பந்து மாடியில் கிளம்பியதா, கீழேயிருந்து வந்ததா என்று சமன்பாட்டுக்குத் தெரியாது. நம் கட்டம் 0 வினாடியில்தான் தொடங்குகிறது, −1 அதற்கு வெளியே இருக்கிறது. தள்ளுவதற்கான காரணம் மைனஸ் குறி இல்லை, கட்டத்துக்கு வெளியே இருப்பதுதான்.

இந்த வேறுபாடு வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 15 மீ/வி சீரான வேகத்தில் போகும் கார், நின்றுகொண்டிருக்கும் ஒரு பைக்கைக் கடக்கிறது. 2 வினாடி கழித்து பைக் 3 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்புகிறது. எப்போது காரைப் பிடிக்கும்? கார் கடந்த கணத்திலிருந்து நேரத்தை எண்ணினால்:

15 × நேரம் = 1.5 × (நேரம் − 2)²

இதைத் தீர்த்தால் நேரம்² − 14 × நேரம் + 4 = 0. விடைகள் 13.7, 0.29. இரண்டுமே பிளஸ்! 0.29 வினாடியில் பைக் கிளம்பவே இல்லை. ஆனால் பைக்குக்கு நாம் எழுதிய கோவை 2 வினாடிக்கு முன்பும் ஏதோ ஓர் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, பைக் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்து நின்று கிளம்பியதைப் போல. பைக்கின் கட்டம் 2 வினாடியில் தொடங்குகிறது என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தால் 0.29-ஐ யோசிக்காமல் அடித்துவிடலாம். விடை 13.7 வினாடி, சுமார் 206 மீட்டர் தூரத்தில்.

சில கணக்குகளில் இரண்டு விடையும் செல்லும். 20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும் என்றால் 1 வினாடி, 3 வினாடி இரண்டும் சரி. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை.

“துரத்திப் பிடிக்கும் கணக்கில் எனக்குப் பாதி நேரமே வருகிறது”

மேலே உள்ள கணக்கில் தாமதம் இல்லாமல், கார் கடக்கும் அதே கணத்தில் பைக் கிளம்புகிறது என்று வையுங்கள். 15 × நேரம் = 1.5 × நேரம்² என்பதால் 10 வினாடி. உங்களுக்கு 5 வினாடி வந்திருந்தால் வேகங்களைச் சமப்படுத்தியிருக்கிறீர்கள். 5 வினாடி முடியும் கணத்தில் இரண்டுக்கும் ஒரே வேகம் என்பது உண்மை. ஆனால் அதுவரை கார்தான் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. அந்தக் கணத்தில் இடைவெளி 75 − 37.5 = 37.5 மீட்டர். பைக் காரைப் பிடிக்கும்வரை அதுவே அதிகபட்சம். பிடிப்பது என்றால் இடம் ஒன்றாக வேண்டும். “அதிகபட்ச இடைவெளி” அல்லது “குறைந்தபட்ச இடைவெளி” என்று கேட்டால் மட்டும் வேகங்களைச் சமப்படுத்துங்கள்.

“பிரேக் போட்ட கார் பின்னால் போகிறது”

20 மீ/வி வேகத்தில் போகும் காருக்கு 4 மீ/வி² எதிர்முடுக்கம் தரும்படி பிரேக் போடுகிறார்கள். 8 வினாடியில் கார் எவ்வளவு தூரம் போகும்?

20 × 8 − ½ × 4 × 64 = 160 − 128 = 32 மீட்டர். குறியெல்லாம் சரி, சமன்பாடும் சரி, பெருக்கலும் சரி. விடை மட்டும் தப்பு.

8 வினாடி முடியும்போது திசைவேகம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 20 − 32 = −12 மீ/வி. பிரேக் போட்ட கார் நின்ற பிறகு பின்னோக்கி ஓடத் தொடங்கி, 12 மீ/வி வேகத்தை எட்டிவிட்டது என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் கார் 5 வினாடியிலேயே நின்றுவிட்டது. அதுவரை போன தூரம் 400 ÷ 8 = 50 மீட்டர். மீதி 3 வினாடியும் அது அசையவில்லை. விடை 50 மீட்டர். உங்களுக்கு வந்த 32 என்பது அந்தக் கற்பனைக் கார் 3 வினாடியில் 18 மீட்டர் திரும்பி வந்த இடம்.

பிரேக், உராய்வு என்று எங்கே வந்தாலும் முதலில் நிற்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். தொடக்க வேகத்தை எதிர்முடுக்கத்தால் வகுத்தால் போதும். கேட்கப்பட்ட நேரம் அதைவிட அதிகம் என்றால் கட்டம் நின்ற இடத்தோடு முடிந்தது.

மேலே எறிந்த பந்துக்கு ஏன் இந்தக் கட்டுப்பாடு இல்லை? பந்து உச்சியில் ஒரு கணம் நின்றாலும் புவியீர்ப்பு அதை விடுவதில்லை, அதே அளவில் அதே திசையில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. முடுக்கம் மாறவில்லை, ஆகவே கட்டமும் முடியவில்லை. மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு என்று பிரிக்க வேண்டிய அவசியமே கிடையாது. உராய்வு அப்படி இல்லை. நகர்வுக்கு எதிராக மட்டுமே அது வேலை செய்யும், பொருள் நின்றால் அந்த முடுக்கமும் போய்விடும். சொரசொரப்பான சாய்தளத்தில் மேலே தள்ளிவிட்ட கட்டை இந்த இரண்டு வகைக்கும் இடைப்பட்டது. ஏறும்போது உராய்வும் புவியீர்ப்பும் சேர்ந்து கீழே இழுக்கும். இறங்கும்போது உராய்வு மேல்நோக்கித் திரும்பிவிடும். எனவே ஏறும்போது ஒரு முடுக்கம், இறங்கும்போது அதைவிடச் சிறிய முடுக்கம். அங்கே கட்டாயம் இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும். அது திரும்பி இறங்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பிரேக் கணக்கில் இன்னோர் அறிகுறி: உங்கள் தூரம் புத்தக விடையைவிடக் குறைவு, அந்தக் குறைவு தொடக்க வேகத்தின் நேர்மடங்காக இருக்கிறது. ஓட்டுநரின் எதிர்வினை நேரத்தை விட்டுவிட்டீர்கள். 1 வினாடி எதிர்வினை நேரம் என்றால் அந்த 1 வினாடியும் கார் பழைய வேகத்திலேயே 20 மீட்டர் ஓடும். அதற்கு அப்புறம்தான் 50 மீட்டர் கட்டம் தொடங்கும். மொத்தம் 70.

“விடை 3.6 மடங்கு, 13 மடங்கு, 2 மடங்கு என்று விலகுகிறது”

புத்தக விடையையும் உங்கள் விடையையும் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் பிழையின் பெயரைச் சொல்லும்.

3.6 என்றால் கிலோமீட்டர்/மணியை மீ/வி ஆக மாற்றவில்லை. கிட்டத்தட்ட 13 என்றாலும் அதே பிழைதான், திசைவேகத்தின் வர்க்கம் வரும் சமன்பாட்டில் நடந்திருக்கிறது. 3.6-இன் வர்க்கம் 12.96. 72 கி.மீ./மணி வேகத்தில் போகும் கார் 40 மீட்டரில் நிற்கிறது என்றால், 72-ஐ 3.6-ஆல் வகுத்து 20 மீ/வி. எதிர்முடுக்கம் 400 ÷ 80 = 5 மீ/வி². மாற்றாமல் போட்டால் 5184 ÷ 80 = 64.8. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஆறரை மடங்கு. சாதாரண கார் டயர் தரையைப் பிடிக்கும் பிடியில் 10 மீ/வி² பக்கத்தில் போவதே பெரிய விஷயம். எண் கைக்கு வந்ததும் “இப்படி நடக்குமா” என்று ஒரு நொடி கேட்டிருந்தால் விடைப் பக்கத்தைப் புரட்டாமலேயே பிழை தெரிந்திருக்கும்.

சரியாக 2 மடங்கு என்றால், ½-ஐ மறந்தீர்கள், அல்லது ஓய்விலிருந்து கிளம்பிய பொருளின் இறுதி வேகத்தை நேரத்தால் அப்படியே பெருக்கிவிட்டீர்கள். 10 வினாடியில் 30 மீ/வி வேகத்தை எட்டும் பொருள் 300 மீட்டர் போவதில்லை. அதன் சராசரி வேகம் 15, தூரம் 150.

1.41 மடங்கு வந்தால் அது சுவையான பிழை. பாதித் தூரத்தில் பாதி வேகம் இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். மேலே சொன்ன பொருள் 75 மீட்டரைக் கடக்கும்போது அதன் வேகம் 15 இல்லை, 450-இன் வர்க்கமூலமான 21.2 மீ/வி. பாதி வேகம் வருவது பாதி நேரத்தில், அதாவது 5 வினாடி முடியும்போது. அப்போது 37.5 மீட்டர்தான் ஆகியிருக்கும்.

“0 = 900 என்று வந்துவிட்டது”

45 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு “தரையைத் தொட்டதும் நின்றுவிடும், ஆகவே இறுதி 0” என்று போட்டால் இப்படித்தான் ஆகும். 0 = 0 + 2 × 10 × 45. கல் தரையில் நிற்பது உண்மைதான். ஆனால் அதை நிறுத்துவது தரை, புவியீர்ப்பு அல்ல. தொட்ட கணத்திலிருந்து முடுக்கம் முற்றிலும் வேறு. நம் கட்டம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்போடு முடிகிறது, அங்கே இறுதி 30 மீ/வி.

இதன் மறுமுனையும் உண்டு. “கைவிடப்பட்டது” என்றால் தொடக்கம் 0 என்று பழகிவிட்டோம். 5 மீ/வி வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து, 60 மீட்டர் உயரத்தில் ஒரு மூட்டையை விட்டால்? கையை விட்ட கணத்தில் மூட்டையும் 5 மீ/வி வேகத்தில் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. −60 = 5 × நேரம் − 5 × நேரம்², விடை 4 வினாடி. தொடக்கம் 0 என்று போட்டவர்களுக்கு 3.46 வரும். எதிலிருந்து விட்டார்கள் என்று பாருங்கள், அதன் வேகம்தான் தொடக்கம்.

“பல கட்டம் உள்ள பயணம், விடை அபத்தமாக வருகிறது”

ஒரு ரயில் ஓய்விலிருந்து 1 மீ/வி² முடுக்கத்தில் 20 வினாடி, பிறகு சீரான வேகத்தில் 60 வினாடி, பிறகு 0.8 மீ/வி² எதிர்முடுக்கத்தில் நிற்கும்வரை ஓடுகிறது. தொடக்கம் 0, இறுதி 0 என்று மொத்தப் பயணத்துக்கும் நான்காவது சமன்பாட்டைப் போட்டால் ரயில் 0 மீட்டர் போயிருக்கும். இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அதிர்ஷ்டம். பல கணக்குகளில் நம்பும்படியான ஒரு தப்பு எண் வந்து ஏமாற்றும்.

இங்கே நான் சமன்பாட்டையே தொட மாட்டேன். திசைவேகம்–நேரம் வரைபடம் வரைந்துவிடுவேன். 20 வினாடியில் 20 மீ/வி வரை ஏறும் கோடு, 60 வினாடிக்கு மட்டமான கோடு, 20 ÷ 0.8 = 25 வினாடியில் இறங்கும் கோடு. கோட்டின் அடியில் உள்ள பரப்பு தூரம். அது ஒரு சரிவகம்: ½ × (105 + 60) × 20 = 1650 மீட்டர். தனித்தனியாகப் போட்டாலும் 200 + 1200 + 250, அதே எண். கோட்டின் சாய்வு எங்கே மாறுகிறதோ அங்கே ஒரு கட்டம் முடிகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ராக்கெட் கணக்கிலும் இதே வரைபடம் காப்பாற்றும். 10 மீ/வி² முடுக்கத்தில் 4 வினாடி மேலேறியதும் எரிபொருள் தீர்கிறது என்றால், 80 மீட்டர் என்று விடையை முடித்துவிடக் கூடாது. அந்தக் கணத்தில் ராக்கெட் 40 மீ/வி வேகத்தில் மேலே போகிறது. முதல் கட்டத்தின் இறுதிதான் அடுத்த கட்டத்தின் தொடக்கம். இன்னும் 80 மீட்டர் ஏறி, 160-இல்தான் திரும்பும்.

“3 வினாடியில் 9 மீட்டர் என்றேன், விடை 5 என்கிறார்கள்”

கேள்வி “3 வினாடிகளில்” என்று இருக்காது, “3-ஆவது வினாடியில்” என்று இருக்கும். 2 மீ/வி² முடுக்கத்தில் ஓய்விலிருந்து கிளம்பிய பொருள் 3 வினாடியில் 9 மீட்டர், 2 வினாடியில் 4 மீட்டர். 3-ஆவது வினாடி என்ற அந்த ஒரு வினாடிக்குள் போனது 9 − 4 = 5. இதற்கென்று தனிச் சூத்திரம் இருக்கிறது, ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டாம். கழித்தாலே போதும்.

ஓய்விலிருந்து கிளம்பினால் அடுத்தடுத்த வினாடிகளில் போகும் தூரங்கள் 1 : 3 : 5 : 7 என்ற விகிதத்தில் வரும். சாய்தளத்தில் பந்துகளை உருட்டிப் பார்த்த கலிலியோ கண்ட ஒழுங்கு இது, 1638-இல் அச்சில் வந்தது. விழும் கல்லுக்கு 5, 15, 25, 35 மீட்டர். உங்கள் எண்கள் இந்த விகிதத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பது நல்ல சோதனை.

“25 மீட்டர் வர வேண்டிய இடத்தில் 15 வருகிறது”

சமன்பாடு தருவது இடப்பெயர்ச்சி, கேட்டது தொலைவு. 20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து 3 வினாடியில் 20 மீட்டர் ஏறி 5 மீட்டர் இறங்கியிருக்கும். தொலைவு 25, இடப்பெயர்ச்சி 15. இடையில் திரும்பினால் மட்டுமே இந்தச் சிக்கல் வரும், ஆகவே திசைவேகம் 0 ஆகும் கணம் உங்கள் கட்டத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

“கணக்கு சரி, ஆனால் உலகத்தில் அப்படி நடப்பதில்லை”

1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்குக் கணக்குப் போட்டால் தரைக்கு வரும்போது வேகம் சுமார் 140 மீ/வி, மணிக்கு 500 கிலோமீட்டர். உண்மையில் பெரிய மழைத்துளிகூடச் சுமார் 9 மீ/வி வேகத்தில்தான் வந்து விழுகிறது. காற்றின் தடை வேகத்தோடு கூடிக்கொண்டே போய், சீக்கிரமே எடையைச் சமன்செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு முடுக்கம் 0. முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த ஐந்து சமன்பாடுகளில் ஒன்றுகூடச் செல்லாது. காற்றில்லாத இடத்தில் செல்லும்: 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

கேள்வியில் சுருள்வில், பாராசூட், நேரத்தைப் பொறுத்து மாறும் முடுக்கம் என்று ஏதாவது இருந்தால் பேனாவை வைத்துவிட்டு வேறு வழி தேடுங்கள். வில்லுக்கு ஆற்றல் அழியாமை வழி, நேரத்தோடு மாறும் முடுக்கத்துக்கு தொகையீடு (integration). திசைவேகம்–நேரம் வரைபடம் கொடுத்திருந்தால் பரப்பைக் கணக்கிடலாம், கோடு வளைந்திருந்தாலும் பரப்பு என்றும் இடப்பெயர்ச்சிதான்.

“மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை”

அப்போது விடையை, நீங்கள் பயன்படுத்தாத ஒரு சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். மாடியிலிருந்து எறிந்த பந்துக்கு 5 வினாடி வந்தது, இரண்டாவது சமன்பாட்டிலிருந்து. முதலாவதில் போட்டால் இறுதி = 20 − 50 = −30. இந்த இரண்டையும் நான்காவதில் போட்டால் ½ × (20 − 30) × 5 = −25. கொடுத்த இடப்பெயர்ச்சி திரும்பக் கிடைத்துவிட்டது. இது ஒத்துப்போகாவிட்டால் கூட்டல் கழித்தலில் எங்கோ சறுக்கல், வரி வரியாகத் தேடுங்கள். ஒத்துப்போயும் விடை தப்பு என்றால், கேள்வியிலிருந்து எண்களை எடுத்த இடத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தக் கட்டத்துக்கு உரியது, அம்புக்குறியின்படி அதன் குறி என்ன என்று எழுதிப் பார்த்தால் ஏதோ ஒன்று வேறு கட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பது தெரியும்.